அடியும் வழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை அணுகி, வட்டத்தின் பத்தாண்டுக் கவிதை வளர்ச்சி பற்றிப் பேசுமாறு கேட்டார்கள். வளர்ச்சியை அளக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே, நம் ஊரைச் சுற்றியுள்ள வழிகளைப் பற்றிப் பேச இசைவு வேண்டினேன். அவர்கள் சற்றே திகைத்தாலும் மறுக்கவில்லை. கவிஞர்கள் கூடிய அவையில் வண்டிப்பாதைக்கும் குளக்கரைக்கும் என்ன வேலை என்று நீங்களும் எண்ணலாம். உரை முடிவதற்குள் அதற்கு விடை சொல்லிவிட முயல்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு மருத்துவர் என் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்டு, நாள்தோறும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். முதலில் நான்கு இரத வீதிகளைச் சுற்றினேன். பிறகு ஊர் எல்லைக்கு வெளியே சென்றேன். ஓராண்டு கழிந்தபின், யாரும் பார்க்காத இடங்களில் சிறிது தூரம் ஓடவும் தொடங்கினேன். அறுபதை நெருங்கும் தமிழாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவதை ஆடு மேய்ப்பவர்கள் மட்டுமே கண்டிருக்கிறார்கள். அவர்களும் பெருந்தன்மையோடு ஊருக்குள் சொல்லவில்லை.

அந்த மூன்றாண்டுகளில் நான் உணர்ந்தது ஒன்று உண்டு. பிறந்து வளர்ந்த ஊரின் வழிகள் எனக்குத் தெரியவில்லை. நாற்பதாண்டுகளாகக் கரிசலையும் செவலையும் பாடியவன், கரிசல் எங்கே முடிகிறது, செவல் எங்கே தொடங்குகிறது என்று காலால் அறிந்திருக்கவில்லை.

சுற்றி வருதல் நம் ஊருக்குப் புதிதன்று. அரியும் அரனும் ஒன்றே என்பதைக் காண விழைந்து கோமதியம்மை ஒற்றைக் காலில் தவம் நின்ற தலம் இது. ஆடித் தவசுக்குக் கொடியேறியதும் ஆடிச்சுற்று தொடங்கிவிடுகிறது. நூற்றொன்று என்றும், ஐந்நூற்றொன்று என்றும், ஆயிரத்தொன்று என்றும் வேண்டிக்கொண்டு மக்கள் கோவிலைச் சுற்றுகிறார்கள். முதியோர் நடக்கிறார்கள், இளையோர் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகச் செல்கிறார்கள். என் தாயார் புளியங்கொட்டைகளை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றாக எடுத்துப் போடுவார்கள். சிறுவனாகிய நான் ஒருமுறை, "எதற்கம்மா இத்தனை சுற்று?" என்று கேட்டேன். "ஒத்தக்கால்ல நிக்கிறாள்லப்பா, அவ கால் வலியில கொஞ்சத்த நாம வாங்கிக்கிடுதோம்" என்றார்கள். ஆடிச்சுற்றுக்கு நம் மக்கள் கூறும் பொருள் அதுவே. ஒருவர் நடையால் மற்றொருவர் வலி குறையும் என்ற நம்பிக்கை எத்துணை உயர்ந்தது! வழிபாட்டில் ஈடுபாடு இல்லாதவரும் அதன் கவித்துவத்தை மறுக்கமாட்டார்.

ஊரை விட்டு வெளியே வந்தால் சுற்று இன்னும் பெரிதாகிறது. ஐம்பூதத் தலங்கள் என்று நம் பகுதியில் ஐந்து கோவில்களைக் கூறுவர். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் வெளி. மகா சிவராத்திரியில் ஐந்தையும் ஒரே நாளில் தரிசிப்போர் பலர். இன்று பெரும்பாலோர் வேனிலும் காரிலும் செல்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் நாம் தென்காசி மாவட்டத்தவர் ஆனோம். தேவதானமோ விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. நடப்பவன் காலுக்கு அந்த எல்லை தெரிவதில்லை. மண் மாறுவதும், மேற்குமலை அருகே வருவதும், காற்றில் ஈரம் கூடுவதுமே தெரியும்.

கரிவலம்வந்தநல்லூரைச் சொன்னதும் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாவதும், நூறாம் பாட்டின் இறுதி முதற்பாட்டின் தொடக்கத்தைத் தொடுவதும் அந்தாதியின் இலக்கணம். இதனை மண்டலித்தல் என்பர். பல்லாண்டுகளாக வகுப்பறையில் கரும்பலகையில் வட்டம் வரைந்து இதை விளக்கியிருக்கிறேன். அது வெறும் யாப்பு வித்தை என்றே என் உள்மனம் கருதியது. நிட்சேப நதியின் மணலைத் தாண்டி ஒரு விடியற்காலை கருவை ஊரைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நின்றபோது எனக்கு வேறு எண்ணம் தோன்றியது. புறப்பட்ட இடம் அதே இடம்தான். ஆனால் வெயில் ஏறியிருந்தது, கால் தளர்ந்திருந்தது, அந்தக் கல்லும் மரமும் வேறாகத் தெரிந்தன. அந்தாதியில் நூறு பாட்டு கடந்து மீண்டும் வரும் முதற்சொல்லும் அப்படித்தான். சொல் மாறவில்லை, அதைச் சொல்பவன் மாறியிருக்கிறான். சுற்றி வந்தவனுக்கே இந்த இலக்கணத்தின் சுவை முழுமையாகக் கிட்டும் என்று நினைக்கிறேன்.

இனி, நம் மண் தமிழுக்கு அளித்த பெருங்கொடைக்கு வருகிறேன். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1865இல் பிறந்து 1891இல் மறைந்தவர். இருபத்தாறு ஆண்டு வாழ்க்கையில் காவடிச் சிந்தைத் தந்து சென்றவர். அந்நூல் பிறந்த சூழலை நாம் அறிவோம். ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றார். அந்தப் பயணத்திற்காகப் பாடப்பட்டவை அப்பாடல்கள். அதாவது, நடந்துகொண்டே பாடுவதற்கும், பாடிக்கொண்டே நடப்பதற்கும் ஆனவை.

இதை நாம் மேடைகளில் பலமுறை கூறியிருக்கிறோம். ஆனால் தோளில் சுமை வைத்துக் கழுகுமலைப் பக்கம் நடந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நான் காவடி எடுத்தவனல்லன், தோள்பையோடுதான் சென்றேன். சில மைல் கடந்ததும் மூச்சு தானாகவே ஒரு கணக்கிற்குள் அமைந்துவிடுகிறது. இத்தனை அடிக்கு ஒரு மூச்சு உள்ளே, இத்தனை அடிக்கு ஒரு மூச்சு வெளியே. அந்தக் கணக்கில் வாய்விட்டுப் பாடினால், மூச்சு முடியும் இடமும் இயைபுத் தொடை விழும் இடமும் ஒன்றாக இருக்கின்றன. சிந்தின் அடியில் தனிச்சொல் நிற்குமிடத்தில் நடப்பவன் தோளை மாற்றிக்கொள்ளலாம். குற்றெழுத்துகள் நெருங்கி ஓடும் முடுகு, கால் விரையும்போது இயல்பாக நாவில் வருகிறது. நாற்காலியில் அமர்ந்து அலகிட்டபோது கடினமாகத் தோன்றிய சந்தம், வழியில் எளிதாயிற்று. சந்தம் காதுக்காக மட்டும் பிறந்தது என்று எண்ணியிருந்தேன். அதைக் கால் முதலில் அறிந்திருக்கிறது.

தமிழ் இதை மறைத்தும் வைக்கவில்லை. பாட்டின் வரிக்கு அடி என்று பெயர். எழுத்தின் போக்குக்கு நடை என்று பெயர். காலின் சொற்களைக் கொண்டே நம் முன்னோர் பாட்டையும் உரையையும் பெயரிட்டார்கள். வழிநடைச் சிந்து என்று ஒரு தனி வகையே நம்மிடம் இருந்தது. திருவிழாவுக்குச் செல்வோர் எந்த ஊரைக் கடக்கிறோம், எந்தச் சாவடியில் தங்குகிறோம், எங்கே நல்ல தண்ணீர் உண்டு என்று வழிநெடுகப் பாடிச் சென்ற பாடல்கள் அவை. சிறு புத்தகங்களாக அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்றன. புலவர் உலகம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பேருந்து வந்ததும் மக்களும் மறந்தார்கள்.

வழி சொல்லும் இலக்கியம் தாழ்ந்ததன்று என்பதற்குச் சான்று வேண்டுமா? பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுகிறான். எந்த நிலத்தில் என்ன உணவு கிடைக்கும், எங்கே விலங்குக்கு அஞ்ச வேண்டும் என்று சொல்கிறான். சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையைப் பாருங்கள். கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளை விளக்குகிறான். கொடும்பாளூர் நெடுங்குளக் கரையில் வழி சூலம்போல் மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிச் செல்கிறது. இடப்பக்க வழி திருமால் குன்றத்தின் பிலத்தையும் பொய்கைகளையும் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. காப்பியத்தின் துன்பம் நெருங்கிக்கொண்டிருக்கும் வேளையில், இளங்கோவடிகள் நிதானமாக நின்று வழி சொல்கிறார். வழியை அறியாமல் அந்த மூவரின் களைப்பை நாம் அறிய முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்பர்களே, இதுவரை நான் கூறியவை இனிமையானவை. இனிக் கூறப்போவது எனக்கு உறுத்தலாக இருப்பது.

விடியற்காலை நான்கரை மணிக்கு நம் ஊர்ச் சாலைகளில் யார் ஓடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? விசைத்தறியில் வேலை செய்வோரின் பிள்ளைகள், பூப்பறிக்கும் பெண்களின் பிள்ளைகள், மானாவாரி நிலத்தை நம்பியிருப்போரின் பிள்ளைகள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் ஓட வேண்டும். இராணுவத்துக்குச் செல்ல விரும்புவோர்க்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம். நமக்கு நடை உடல்நலம். அவர்களுக்கு ஓட்டம் சோறு. அந்த நிமிடக் கணக்கில் ஒரு குடும்பத்தின் வருங்காலம் இருக்கிறது.

அவர்களுள் ஒருவன் என் பழைய மாணவன். சென்ற ஆண்டு இருள் பிரியாத நேரத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஓடியபோது ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிருக்கு ஆபத்தில்லை; காலெலும்பு முறிந்தது. எழுத்துத் தேர்வில் வென்றிருந்த அவன், உடல்திறன் தேர்வுக்குச் செல்ல முடியவில்லை. பார்க்கச் சென்ற நான் ஆசிரியருக்கே உரிய பழக்கத்தால் அறிவுரை சொன்னேன். "பக்கத்திலேயே குளக்கரை இருக்கிறதே, அதில் ஓடியிருக்கக் கூடாதா?" என்றேன். அவன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடி சொன்னான்: "சார், அந்தக் கரையில கால் வைக்க முடியுமா? நீங்க போய்ப் பார்த்து எத்தன வருசம் ஆச்சு சார்?"

அந்தக் குளத்தைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். இந்த வட்டத்தில்தான் படித்தேன், நீங்கள் கைதட்டினீர்கள். அதில் தாமரை இருந்தது, நாரை இருந்தது, கரையில் மருத நிழல் இருந்தது. மறுநாள் காலை நேரில் சென்றேன். சீமைக்கருவேலம் கரையை இருபுறமும் மூடியிருந்தது. மடைக்கு அப்பால் செல்ல வழியில்லை. மறுகாலை ஒட்டிய வண்டிப்பாதை வேலிக்குள் போயிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஆளு நடந்தாப் பாதை வாத்தியாரய்யா, நடக்கலேன்னா முள்ளு" என்றார். என் கவிதையில் இருந்த குளம் என் மனத்தில் மட்டுமே இருந்தது. நான் அதைப் பாடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், உண்மைக் குளம் முள்ளால் மூடிக்கொண்டிருந்தது. ஒருமுறை நடந்து சென்று பார்த்திருந்தால் அந்தக் கவிதையை எழுதியிருக்க மாட்டேன், வேறொன்றை எழுதியிருப்பேன். நாலு பேரிடம் சொல்லியும் இருப்பேன்.

வழி காப்பது கவிஞனுக்கு வேலையா என்று கேட்கலாம். பிற நாடுகளில் நிகழ்ந்த சிலவற்றைச் சொல்கிறேன். 990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் காண்டர்பரிப் பேராயர் சிகெரிக் ரோம் நகரிலிருந்து திரும்பிய வழியில் தங்கிய 79 இடங்களின் பெயர்கள் ஒரு குறிப்பாக எழுதப்பட்டன. வெறும் பெயர்ப் பட்டியல்தான். ஆயிரம் ஆண்டுக்குப் பின் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இத்தாலியின் சிற்றூர்கள் வழியே மக்கள் மீண்டும் நடக்கிறார்கள். அதே இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், சரளை பரப்பிய வெள்ளைச் சாலைகள் தாரிட்டு அழியாமல் காக்க வேண்டுமென்று, 1997இல் கையோலே என்னும் சிற்றூரில் பழைய மிதிவண்டிகளில் ஒரு பயணத்தைத் தொடங்கினார்கள். பயன்படுத்துவதே பாதையைக் காப்பதாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்த தொழிலாளர் சிலர் சிறை சென்றார்கள். 1949இல் வந்த சட்டம், ஊர்தோறும் உள்ள நடைபாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதியச் செய்தது. எழுதி வைத்த வழி பிழைத்தது. நடந்த வழி பிழைத்தது.

நமக்கும் எழுதி வைத்தவை உண்டு. கிராம வரைபடத்திலும் புலப்படத்திலும் வண்டிப்பாதையும் ஓடையும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவை கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள தாளில் கோடாக வாழ்கின்றன. அந்தக் கோட்டுக்குக் காலைத் திருப்பித் தர வேண்டியவர்கள் நாம்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, திங்களுக்கு ஒருமுறை நம் கூட்டத்தை நடந்துகொண்டே நடத்துவோம். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். நடக்க இயலாதோர் முதல் மரத்தடி வரை வந்தால் போதும். திரும்பி வருவோர் அவர்களுக்குக் கண்டதைச் சொல்லட்டும்.

இரண்டாவது, நடந்த வழியை எழுதுவோம். கற்பனை கலவாமல், ஆற்றுப்படைப் புலவரின் நேர்மையோடு எழுதுவோம். செவல் நிலத்துப் பாதை மழை விட்ட மறுநாளே நடக்க ஏற்றது; கரிசல் பாதையோ ஐப்பசி மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், ஒவ்வோர் அடிக்கும் காலில் ஒரு படி மண் ஏறும், கோடையில் வெடிப்பில் கால் இடறும். ஆடியில் மேற்கு நோக்கி ஓடினால் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தாங்கும். எங்கே நிழல், எங்கே தண்ணீர், எந்தத் தோட்டத்து நாய் கயிற்றில் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எங்கே வழி அடைபட்டிருக்கிறது என்பதும் இருக்கட்டும். அந்த ஓர் ஏட்டை விடியலில் ஓடும் பிள்ளைகள் கையில் கொடுப்போம். அடைபட்ட வழிகளின் பட்டியலை, வரைபடத்தோடு ஒப்பிட்டு, உரிய அலுவலரிடம் வட்டத்தின் பெயரால் கொடுப்போம். நம் வட்டம் இதுவரை வெளியிட்ட தொகுப்புகளை நாமே வாங்கி நாமே படித்தோம். இந்தத் தொகுப்பு ஒருவேளை நமக்கு வெளியேயும் படிக்கப்படும்.

மூன்றாவது, வழிநடைச் சிந்தைக் கவிஞர்கள் மீண்டும் கையில் எடுக்க வேண்டும். அண்ணாமலையாரைப் போலப் பாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நமக்கு ஆகாது. இன்று ஓடுபவனின் மூச்சுக்கு ஏற்ற சந்தம் எது என்று தேட வேண்டும். ஏழு நிமிடம் ஓடுகிற பிள்ளை, நான்காம் நிமிடத்தில் நெஞ்சு அடைக்கும்போது மனத்துக்குள் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல தமிழ் அடி அவனிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் குறை அவனுடையதன்று.

என் மாணவன் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். அடுத்த தேர்வுக்கு வயது இருக்கிறது. சென்ற மாதம் நானும் அவனும் அவன் நண்பர்கள் நால்வரும் அரிவாளோடு அந்தக் குளக்கரைக்குச் சென்றோம். உரியவர்களிடம் சொல்லிவிட்டே முள்ளை வெட்டத் தொடங்கினோம். மூன்று ஞாயிறுகளில் மடை வரை ஏறத்தாழ இருநூறு அடி வழி கிடைத்திருக்கிறது. ஓட அது போதாது. நடக்கலாம். நேற்றுக் காலை அந்த இருநூறு அடியையும் அவன் மெல்ல நடந்து சென்று, மடைக்கல்லைத் தொட்டுத் திரும்பி வந்தான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளத்தைப் பற்றி நான் எழுதிய பழைய கவிதையை இம்மலரில் சேர்க்க வேண்டாம் என்று தொகுப்பாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் இடத்தில் இந்த உரை இருக்கட்டும்.

வரும் ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கோவில் வாசலில் இருப்பேன். அரிவாள் வைத்திருப்போர் கொண்டு வாருங்கள். இல்லாதோர் பாட்டோடு வாருங்கள்.